அப்பாவின் "தேவலைங்க"

எங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிப்பது மாட்டுக்கு வயிற்றுவலி என்று கண்டுபிடிப்பதைவிடச் சிரமம். மாடாவது தீனி எடுக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். அப்பா தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "தேவலைங்க" என்பார். அன்னூர்ப் பக்கம் எழுபத்தாறு வயது வரை தோட்டத்தில் பாடுபட்டவர். தன் வலியைச் சொல்வது அடுத்தவரைத் தொந்தரவு செய்வது என்று அவருக்கு நினைப்பு.

அப்படி மறைத்து மறைத்தே குடல் அடைப்பு முற்றி, கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்திருந்தார்கள். தையல் பிடித்துக்கொண்டால் நல்லது, விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். சரவணம்பட்டி வீட்டைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் அப்பாவோடு தங்கினேன்.

வார்டில் யார் உள்ளே வந்தாலும் அப்பாவுக்கு விசாரித்தாக வேண்டும். ஊசி போட வந்த நர்ஸிடம், "காப்பி குடிச்சீங்களா அம்மணி?" தரை துடைக்க வந்த அம்மாவிடம், "ஏனுங்க, பலகாரம் ஆச்சுங்களா?" மூக்கில் டியூப் தொங்குகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது, இவர் ஊருக்கெல்லாம் சாப்பாடு விசாரிக்கிறார். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு அது எப்போதுமே கொஞ்சம் குறைவுதான். "அவங்க வேலையப் பாக்க உடுங்கப்பா. கொஞ்சம் பேசாமப் படுங்க" என்று எரிந்து விழுந்தேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. கோபமாக இருக்கிறார், மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று நான் நிம்மதியாகப் பேப்பரைப் பிரித்தேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "வலி எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். வழக்கம்போல "தேவலைங்க". டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

காலை டியூட்டி நர்ஸ் சென்னிமலைப் பக்கத்துப் பெண். மருந்தோடு வந்தவர் கட்டிலருகே அப்படியே நின்றார்.

"ஏனுங்கக்கா, ஐயா இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலீங்களே?"

"நாந்தான் நேத்து சத்தம் போட்டுட்டேனுங்க சிஸ்டர். கோவமா இருக்கறாரு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தார். அது கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. நாடி பிடித்துப் பார்த்தார். வயிற்றில் லேசாக விரல்களை வைத்தார். அப்பாவின் கால்விரல்கள் மடங்கின. வாய் மட்டும் "ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்றது. அடுத்த நிமிடமே நர்ஸ் டாக்டரைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார். தையல் விட்டிருந்தது. பதினொரு மணிக்குள் அப்பா மறுபடியும் தியேட்டருக்குள் இருந்தார்.

இன்னும் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். பெற்ற மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாலு நாள் பழகிய பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு வந்தது வெட்கமா நன்றியா என்று கேட்டால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதன்பிறகு அந்த நர்ஸ் அப்பாவுக்கு ஒரு ஏற்பாடு செய்தார்.

"ஐயா, பத்துக்கு எத்தனை வலின்னு கரெக்டா சொல்லிப்போடோணும். நீங்க மறைச்சா எனக்குத்தானுங்க திட்டு உழுகும்."

அடுத்தவருக்குத் திட்டு விழும் என்றதும் அப்பா வழிக்கு வந்தார். "இன்னைக்கு ஆறு போட்டுக்குங்க அம்மணி" என்பார். ஆனால் அதெல்லாம் அவரிடம் மட்டும்தான். நான் கேட்டால் பழையபடி "தேவலை கண்ணு".

வீட்டுக்குக் கிளம்பிய நாளில் அந்த நர்ஸிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன். கையைப் பிடித்ததும் அழுகைதான் வந்தது. அவர் இன்னொரு கையால் மருந்துச் சீட்டை நீட்டி, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, வேறொரு கட்டிலிலிருந்து கூப்பிடவும் ஓடிவிட்டார்.

கோவில்பாளையம் தாண்டி ஒரு குழியில் கார் குலுங்கியது. அப்பா என் முழங்கையைத் தொட்டார்.

"கண்ணு, வலிக்குது."

எனக்கு ஐம்பது வயது. என் அப்பா என்னிடம் அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

"எங்கீங்கப்பா?" என்றேன்.

அவர் சட்டையைத் தூக்கி இடத்தைக் காட்டினார்.