நாற்பத்தோரு ‘உடனடியாக’

சட்டமன்ற அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டக்டக் அக்கா. உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்வது அவர் வேலை. தட்டச்சு செய்பவர்களுக்கு முறைவைத்து ஆளுக்குப் பத்து நிமிடம். முடிந்ததும் அடுத்தவர் வந்து உட்காருவார். இன்று யார் என்ன பேசினார்கள் என்று வீட்டில் கேட்டால், “காது வழியா வந்து விரல் வழியா போயிடுது. நடுவுல ஒண்ணும் நிக்கிறதில்ல” என்பார்.

அவருடைய மருமகள் கணினியில் படம் போடுகிறவள். அதாவது, அவள் எழுதிய நிரல் போடும். ஒரு பேச்சை உள்ளே கொடுத்தால் ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளியாக விழும். அதே சொல் திரும்ப வந்தால் புள்ளி வீங்கும். வந்துகொண்டே இருந்தால் பெரிய வட்டமாகி மற்றதையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிடும். மன்றத்தின் பழைய பதிவுகளிலிருந்து பன்னிரண்டு பேச்சுகளை எடுத்து, நூலகக் கூடத்தில் திரைகளாக வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அக்கா போய்ப் பார்த்தார். நான்காவது திரையின் கீழே இருந்த தேதியைப் படித்ததும் நின்றுவிட்டார்.

பதினொரு வருடத்துக்கு முன் அந்தத் தேதியில்தான், அமைச்சர் வெள்ள நிவாரணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேலதிகாரி ஒரு துண்டுச்சீட்டை அக்காவின் மேசையில் வைத்தார். வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்கு வரவும். அக்காவின் முறை முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. முடித்துவிட்டுத்தான் எழுந்தார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நாலு நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். அக்கா தலையாட்டினார். அவர் அழுது யாரும் பார்க்கவில்லை.

மருமகள் பக்கத்தில் வந்தாள். “எப்படி இருக்கு அத்தை? இந்தப் பெரிய வட்டம் ‘உடனடியாக’. அமைச்சர் நாப்பத்தோரு தடவை சொல்லியிருக்கார்.”

“மாமா போன அன்னிக்கு.”

மருமகள் குனிந்து தேதியைப் பார்த்தாள். “ஐயோ, தேதியைக் கவனிக்கலயே! எடுத்திடறேன் அத்தை.”

“எதுக்கு? இருக்கட்டும்.” உள்ளே ஏதாவது அசைகிறதா என்று அக்கா தன்னையே பார்த்துக்கொண்டார். ஒன்றுமில்லை. மற்ற படங்களைப் போலத்தான் இதுவும் இருந்தது. பிறகு வலது மூலையில் தனியாகக் கிடந்த புள்ளியைக் காட்டி, “இது என்ன?” என்றார்.

மருமகள் அதைத் தொட்டாள். ‘உடனடடியாக’ என்று விரிந்தது. “ஒரு தடவைதான் வந்திருக்கு. எழுத்துப்பிழை. வேற சொல்லுன்னு நினைச்சு நிரல் தனியா வச்சிடுச்சு.”

“நான் தட்டினது,” என்றார் அக்கா. “சீட்டு வந்தப்புறம்.”

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பிடிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

திங்கட்கிழமை பதிவுப் பிரிவுக்குப் போய்த் திருத்தப் படிவம் கேட்டார்.

“பதினொரு வருஷப் பிழைக்கா? யாரு அக்கா இதைப் பார்க்கப் போறாங்க?” என்றார் எழுத்தர்.

“நான் பார்த்துட்டேனே.”

தேதி, பக்கம், வரி எல்லாம் எழுதி, பிழையான சொல்லையும் சரியான சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தன் முறைக்குப் போய் உட்கார்ந்தார்.