சுவரைப் பார்த்து நின்ற நெட்காரர்

மறுநாள் என் மகளுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் வேலை நேர்காணல். நெட்டோ விட்டு விட்டு வந்தது. மாமல்லபுரத்திலிருந்து நெட்காரரை வரவழைத்தோம். ஒல்லியான ஆள், தோளில் சுருட்டிய ஒயர், உப்புக்காற்றில் வெளுத்த சட்டை.

என் போனை வாங்கி எதையோ பார்த்தவர், "இன்னாம்மா, தெருவே உன் வூட்டு நெட்லதான் கீது!" என்றார்.

கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைச் சொன்னது நான்தான். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது.

"புதுசு போடும்மா. வெறும் நம்பர் போதும். பொறந்த நாளு, போன் நம்பர் வேணாம்."

மகள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். போனை என்னிடம் தந்துவிட்டு, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். எட்டு எண்களைத் தட்ட எனக்கு வெகுநேரம் ஆனது. அவர் அசையவில்லை.

"வேலை செய்யறவரே நீங்கதான. பாத்தா என்ன?"

"எனக்குத் தெரிஞ்சா நானும் ஒரு ஓட்டைம்மா."

"அக்கம்பக்கத்துல கேட்டா?"

"நெட்காரன் மாத்திட்டான், யாருக்கும் சொல்லக் கூடாதுன்ட்டான், திமிரு புடிச்சவன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். மகள் தடையில்லாமல் பேசி முடித்தாள். எதிர்வீட்டுக்காரி இன்றும் அவரைத்தான் திட்டுகிறாள். கூடச் சேர்ந்து நானும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வருகிறேன்.