சென்னை தூரம் என்று சொன்னவன்

போன வாரம் போடி ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்குக் காத்திருந்தபோது, பழைய கூட்டாளி ஒருவர் பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டார்.

"என்ன இருந்தாலும் அந்தப் பழைய மீட்டர்கேஜ் ரயிலு சொகம் வருமாய்யா? ஆடி அசைஞ்சு மதுரைக்குப் போவோமே!"

"ஆமா, ஆடி அசைஞ்சே பாதி ஆயுசு போச்சு. இதவிட வெரசாப் போற ரயிலு வரட்டும்யா!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வழியில் இறங்கி டீ குடித்துவிட்டு ஓடிவந்து ஏறலாம் என்று அந்த ரயிலைப் பற்றி நானும் பெருமையடித்தவன்தான். மதுரையில் இன்டர்வியூவுக்குப் போகிறவனின் வயிற்றெரிச்சலை அந்தக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை.

பார்சல் மூட்டைகளிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. உங்களுக்கு அது பாயசத்தை நினைவூட்டலாம். எனக்கு என் தங்கை ராசாத்தியின் விரல்கள்தான். அந்தக் காலத்தில் ஏலக்காய் மண்டியில் பகலெல்லாம் காய் தரம் பிரித்துவிட்டு வந்து எனக்குச் சோறு போடுவாள். ரசத்தில்கூட அந்த வாசம் இருக்கும்.

அவள் மண்டியில் உட்கார வேண்டியவளே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் சென்னையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அப்பா இல்லாத வீடு. முடிவு என் கையில். நான் பி.ஏ. படித்தவன். பட்டிமன்றத்தில் பெண் விடுதலை பேசிக் கைதட்டு வாங்கியவன். வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன் தெரியுமா?

"மதுரைக்குப் போயி வண்டி மாறணும். ஒண்ணுன்னா யாரு ஓடியாறது? வேணாம்த்தா."

அதோடு சரி. மண்டிக்குப் போனாள். பிறகு பக்கத்து ஊரான சிலமலையில் கட்டிக்கொடுத்தோம்.

இப்போது அவள் பேத்திக்குச் சென்னையில் வேலை. "ரொம்பத் தூரமா இருக்கே மாமா" என்று இழுத்தான் பேத்தியின் அப்பன், ராசாத்தியின் மகன். என் குரலே எனக்குக் கேட்டது.

"ராத்திரி ஏறுனா காலையில சென்னை. தூரமாம் தூரம்! புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன், நீ ஒஞ்சோலியப் பாரு."

போன வாரம் அந்தச் சென்னை ரயில் வந்ததும், பேத்தியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கீழே நின்ற ராசாத்தியிடம் சொன்னேன்.

"அன்னைக்கு இந்த ரயிலு இருந்திருந்தா ஒன்னையும் அனுப்பிருப்பேன்த்தா."

அவள் சிரிக்கவில்லை. "வேற ஏதாச்சும் சொல்லியிருப்பீகண்ணே."

சொல்லியிருப்பேன். ரயில் நகர்ந்துவிட்டது. பழைய ரயில் போனதற்கு அழுகிறவர்கள் அழட்டும். எங்கள் வீட்டு ஆண்கள் வைத்திருந்த சாக்குகளில் ஒன்று அதோடு ஒழிந்தது. மிச்சமும் ஒழியட்டும்.