காடு வரம்பு கட்டுமா?

செய்மதிப் படத்தைக் காட்டி எங்கள் வயல்களைப் பறிக்கிறார்கள்.

இன்று கிளிநொச்சியில் ஒரு விளக்கக் கூட்டம். செய்மதித் தரவு அன்றாட வாழ்க்கைக்கு எப்படி உதவும் என்று ஓர் அதிகாரி திரையில் காட்டினார். குளத்தில் எவ்வளவு தண்ணீர், வெள்ளம் எதுவரை வரும், எந்த வயலில் பயிர் வாடுகிறது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வயலைப் பறிக்கிறதும் இதே படத்தை வைத்துத்தானே என்பதுதான் எனக்கு இடித்தது.

பக்கத்துக் கதிரையிலிருந்த பரமேஸ்வரி அக்கா எழும்பினா. அவாவின் வயல் முல்லைத்தீவுப் பக்கம். அரசாங்கம் கொடுத்த காணி பெர்மிட் இருக்கிறது. ஆனால் அது காடு என்று சொல்லி அதிகாரிகள் உழ விடுகிறார்கள் இல்லை.

"சேர், என்ர காணியையும் ஒருக்காக் காட்டுங்கோ."

அவர் தேடிப் பெரிதாக்கினார். "இது காடம்மா. பச்சையாத் தெரியுதெல்லே."

"பச்சைக்குள்ள கோடு கோடாத் தெரியிறது என்ன?"

அவர் படத்தை இன்னும் பெரிதாக்கினார்.

"வரம்பு, சேர். நாங்கள் கட்டினது. காடு வரம்பு கட்டிக்கொண்டோ வளரும்?"

மண்டபமே சிரித்தது. அவா சிரிக்கவில்லை.

"இது சண்டையால இடம்பெயர்ந்து நாங்கள் முகாமில கிடந்த காலத்துப் படம். விதைக்க ஆளில்லாட்டிப் பற்றைதானே வரும். இடம்பெயர முந்தி எடுத்த படத்தைப் போடுங்கோ."

"அதுவும் இருக்கு. இண்டைக்குக் கொண்டுவரேல்லை. வாங்கோ, முதல்ல தேத்தண்ணி குடிப்பம்."

திரையை அணைத்துவிட்டார்கள். அக்கா தேத்தண்ணி குடிக்காமலே பஸ் ஏறினா.

வானத்திலிருந்து எல்லா வருடமும் பார்த்தவர்களுக்கு, நாங்கள் இல்லாத வருடம் மட்டும் எப்படிக் கைக்கு அகப்பட்டது?

அந்த அதிகாரியின் அலுவலக முகநூல் பக்கத்தையும் இதில் இணைத்திருக்கிறேன். கொமென்டில் இடம் தாராளமாக இருக்கிறது. பழைய படத்தைப் போடுங்கோ, சேர்.