இன்ஜின் இறக்கிய வீடு

மாமா இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், அவர் முப்பத்தொரு வருஷம் ஒரு விபத்துகூட இல்லாமல் பஸ் ஓட்டியதைச் சொன்னார்கள். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே 'நிதானம்'. அவர் பஸ்ஸில் ஏறினால் கல்யாணத்துக்குக் கிளம்பினவர்கள் குழந்தைக்குப் பேர் வைக்கத்தான் போய்ச் சேருவார்கள் என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்களாம். அதைக் கேட்டு அத்தைகூட லேசாகச் சிரித்தாள். வீட்டு வண்டியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதை விட்டுவிட்டு மாமாவைப் பற்றிச் சொன்னால் அது பாதி மாமாதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஓய்வு பெற்ற வருஷம், இரண்டு அறை வீட்டை விற்று அந்த வண்டியை வாங்கினார். வெளியே பார்த்தால் சின்ன பஸ். உள்ளே அடுப்பு, தொட்டி, இரண்டு படுக்கை, உடம்பைத் திருப்ப முடியாத ஒரு குளியலறை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் அத்தையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"வயசான காலத்துல வீட்டை வித்துட்டு ரோட்டுல திரியறதா? நீயாவது சொல்லக் கூடாதா?"

"முப்பத்தொரு வருஷம் அவர் ஊர் ஊராப் போனார், நான் ஜன்னல்ல நின்னேன்," என்றாள் அத்தை. "இனிமே பக்கத்து சீட்டுல உக்காந்து பாத்துக்கறேன்."

சொன்னாளே தவிர, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று நாள் அவள் தூங்கவில்லை. வீடு விற்ற பணத்தில் மிச்சத்தை இருவர் பெயரிலும் வங்கியில் போட்டார்கள். 'படுத்தா எடுக்கற பணம்' என்று அதற்குப் பெயர்.

அந்த வண்டியில் இன்ஜின் முன்னால் இருந்தது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், இரும்பு மூடிக்குக் கீழே. மாமா சமையல் மேடையை அந்த மூடி வரைக்கும் தன் கையாலேயே நீட்டி, அத்தையின் உயரத்துக்கு அளந்து போட்டார். சீட்டில் இருந்தபடி திரும்பினாலே அவள் காய் நறுக்கலாம். இன்ஜினை ஒருநாள் வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு மலைப்பாதையில், முக்கால்வாசி ஏறின இடத்தில், மூடியைச் சுற்றி வெள்ளையாக ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. கீழே இழுத்து வந்ததற்கே ஒரு மாதப் பென்ஷன் போயிற்று. முதல் பட்டறையில் கூரை தாழ்வு, வண்டி நுழையவில்லை. இரண்டாவது பட்டறைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "நான் லாரிதான் பாப்பேன். இது வீடு, கொத்தனாரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது, ஊர் எல்லையில் ஒரு திறந்த கொட்டகை. அங்கே சேர்த்த பிறகு அத்தை எனக்கு போன் செய்தாள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அந்தப் பட்டறை மேஸ்திரி கனத்த ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைக் கம்பியால் கட்டியிருந்தார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி மாமாவிடம் காட்டினார்.

"பால் ஊத்தின டீ மாதிரி இருக்கு பாருங்க. ஆயில்ல தண்ணி கலந்துருச்சு. இன்ஜினுக்கு மேல்மூடி மாதிரி இருக்கற ஹெட் விரிசல் விட்டிருக்கும். இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும்."

"இறக்குங்க."

"எப்படி சார் இறக்கறது? மேடை குறுக்க நிக்குது. லாரின்னா ஒரு வார வேலை. இதுல முதல்ல வீட்டைப் பிரிக்கணும், அப்புறம் இன்ஜினைப் பிரிக்கணும், அப்புறம் ரெண்டையும் சேக்கணும். இந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. சாமான் எங்கேயோ தேடி வரவழைக்கணும். பத்து வாரம் வச்சுக்குங்க."

செலவையும் சொன்னார். வண்டி வாங்கின விலையில் பாதிக்கு மேல். அப்படியே விற்றால் என்ன வரும் என்று நான் கேட்டேன். "இரும்பு விலை," என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"இது ஒரே நாள்ல வந்த கேடு இல்ல சார். ரேடியேட்டர்ல தண்ணி குறையறது தெரியலையா?"

"தெரியுமே," என்றார் மாமா. "எழுதியிருக்கேன்." சீட்டுக்குக் கீழிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

மேஸ்திரி உரக்கவே படித்தார். 'ஏற்றத்தில் சூட்டு ஊசி சிவப்புக்கோட்டைத் தொட்டது.' 'காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைவு.' 'இரண்டு லிட்டர் குறைவு. கவனிக்கவும்.' இரண்டு மாதத்தில் பதினோரு குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி, நேரம், கையெழுத்து.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. யாருக்கு எழுதினீங்க?"

மாமா நோட்டையே பார்த்தார். அப்போதுதான் அவருக்கே விளங்கியது என்று நினைக்கிறேன். டிப்போவில் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது கோளாறை நோட்டில் எழுதிவிட்டுப் போவார். இரவில் மெக்கானிக்குகள் அதைப் பார்த்துச் சரி செய்துவிடுவார்கள். டிரைவர் வண்டியில் கை வைக்கக் கூடாது.

"எழுதினா காலையில சரியாயிருக்கும்," என்றார் மெதுவாக. "முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் இருந்துது."

மேஸ்திரி சிரிக்கவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தைதான் கேட்டாள்.

"அந்தப் பதினோரு நாளும் நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

"ம்."

"கால் சுடுதுன்னு சொன்னேன். மூடி மேல போர்வையை மடிச்சு வச்சீங்க."

"ம்."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டை வித்தப்ப நீ மூணு நாள் தூங்கல. மறுபடி பயப்படுவியேன்னுதான்..."

"நல்லதுங்க. இப்ப பாருங்க, நிம்மதியா இருக்கேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையே மேஸ்திரியிடம், "இறக்குங்க. படுத்தா எடுக்கற பணம் இருக்கு. வண்டிதானே படுத்திருக்கு," என்றாள்.

மேடையை அறுக்க மாமா விடவில்லை. போட்ட கையாலேயே ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். அத்தை டப்பாக்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். இன்ஜின் வெளியே வந்ததும், முன் சீட்டுகளுக்கு நடுவில் தரை தெரியும் ஒரு பெரிய ஓட்டை. "சமையலறையிலேருந்து ரோட்டைப் பாக்கறேன்," என்றாள் அத்தை போனில்.

பத்து வாரம் பதினாலு ஆயிற்று. முதலில் வந்த ஹெட் பொருந்தவில்லை, திருப்பி அனுப்பினார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் உறைகளையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. மாமா தினமும் காலையிலேயே பட்டறைக்குப் போய், பிரித்துப் போட்ட இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இது என்ன, இது போனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "விட்டா எனக்கு எதிர்லயே பட்டறை போட்டுடுவீங்க போல," என்று மேஸ்திரி கேலி செய்வார். முப்பத்தொரு வருஷமாக மாமாவுக்கு இன்ஜின் என்றால் ஒரு சத்தம், ஓர் ஊசி, அவ்வளவுதான். இப்போது அதற்குள் உடையக்கூடியது எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டார்.

வண்டி கிளம்பிய அன்று நானும் போயிருந்தேன். பின்னால் படுக்கையில் உட்கார்ந்துகொண்டேன். சத்தம் ஒரே சீராக இருந்தது. நாலு கிலோமீட்டரில் மாமா ஓரம் கட்டி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு பத்தாவது கிலோமீட்டரில். பிறகு பன்னிரண்டில். சாலை சமமாகக் கிடந்தது, ஊசி நடுவில் அசையாமல் நின்றது. அவருடைய சட்டை மட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது. ஏழாவது தடவை நிறுத்தியபோது அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"வண்டி நல்லாதானே இருக்கு?" என்றாள் அத்தை.

"நல்லா இருக்கு."

"பின்ன ஏன் நிறுத்தினீங்க?"

"ஒரு சத்தம் கேக்குது. நிறுத்தினா கேக்கல. ஓட்டினா மறுபடி கேக்குது."

"எனக்குக் கேக்கலையே."

"உனக்குக் கேக்காது. எனக்குத்தான்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "உன்னை உக்கார வச்சு ஓட்ட முடியல என்னால."

அத்தை எதிரே சாலையைப் பார்த்தாள். மேலும் முன்னூறு கிலோமீட்டர் போவதாகத்தான் திட்டம். அங்கே கடல் இருந்தது.

"சரி, திருப்புங்க," என்றாள்.

அடுத்த மாதமே ஓர் இளம் தம்பதி வண்டியை வாங்கிக்கொண்டார்கள். இன்ஜினுக்குச் செலவழித்ததில் பாதிகூடத் திரும்பவில்லை. புது இன்ஜின் மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பையனுக்கு ஒரே சந்தோஷம். மாமா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். எந்த ஊசி எங்கே நிற்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் கிளம்பிப் போனார்கள். தெருமுனையில் திரும்பும்வரை மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"சத்தம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

"இருக்கட்டும். வாங்க, உள்ள போலாம்," என்றாள் அத்தை. பட்டறைக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையிலேயே, மாமா போகும்வரை, இரண்டு வருஷம் இருந்தார்கள்.