நெய்வேலி ரவுண்டானாவில் விழாத கியர்

காலை பதினொன்றரைக்குக் குறிஞ்சிப்பாடியில் ஏழுமலை வீட்டிலிருந்து கிளம்பினோம். நெய்வேலிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். ஏழுமலை சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி; நிலக்கரி ஏறிப் போகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை கேட் பாஸைப் பிடுங்கிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகிறேன் என்றவரை, காரிலேயே விடுகிறேன் என்று தடுத்தது நான்தான்.

"தள்ளாம ஓடுமாண்ணே?"

"இறக்கத்தில் ஓடும்."

"நெய்வேலி சமதரையாச்சே."

காருக்கு இருபது வயது. கால் வைக்கும் இடத்தைத் துரு தின்றுவிட்டது. ஓட்டை வழியே சாலை ஓடுவதைப் பார்க்கலாம். அவர் வீட்டில் ஓர் இரவு விருந்தாளியாகத் தங்கிய என்னை அப்படியே அனுப்ப மனமில்லாமல், ஏழுமலை காலையில் பழைய பெல்ட் துண்டு ஒன்றை அங்கே விரித்திருந்தார். கட்டைவிரல் தடிமன் ரப்பர். இந்தப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைத் தரைக்கும் வாசல் மிதியடிக்கும் கழித்த பெல்ட்தான்.

"மாடு மிதிச்சே தேயல. நீங்க மிதிச்சா தேஞ்சிடப் போவுது?"

வடலூரில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். கிளம்பும்போது முதல் கியர் உறுமிக்கொண்டு விழுந்தது. வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

டவுன்ஷிப்பில் எல்லாச் சாலையும் நேர். ஒவ்வொரு பிளாக்கும் அடுத்ததைப் போலவே இருக்கிறது. ஒரு ரவுண்டானாவில் வேகம் குறைத்து நின்றேன். பிறகு எந்தக் கியரும் விழவில்லை. கிளட்சை மிதித்துக் கியர் கம்பை அழுத்தினால் அரவை மில் சத்தம். மணி ஒன்று. பஸ்ஸுக்காக நின்றவர்கள் வந்து தள்ளி ஓரங்கட்டினார்கள். அவர்களுடைய பஸ் எங்கள் சுரங்கப் பக்கம் போவதல்ல. ஆனால் காருக்கு வைத்தியம் பார்க்க அவர்களுக்கு நேரமிருந்தது.

"பிரஷர் பத்தல தம்பி," என்றார் பாய்லரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பல்லு போயிருக்கும். மாத்திடுங்க," என்றார் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தில் வேலை செய்பவர்.

"எங்கியோ டிரிப் ஆயிருக்குங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க," என்றார் எலக்ட்ரிக்கல்காரர்.

அணைத்தேன். நாலு கியரும் வெண்ணெயாக விழுந்தன. எலக்ட்ரிக்கல்காரர் மற்ற இருவரையும் பார்த்தார். எஞ்சினைப் போட்டேன், மறுபடி அரவை. அவர் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

எஞ்சின் நின்றால் விழுகிறது, ஓடினால் விழவில்லை என்றால் கியர் பெட்டி நன்றாக இருக்கிறது. கிளட்ச்தான் முழுக்கப் பிரியவில்லை. லாரி ஷெட்டுகளில் படுத்துக் கிடந்த காலத்தில் காதில் விழுந்த பாடம் இது. எஞ்சினை அணைத்து, ஏழுமலையை என் இடத்தில் உட்காரவைத்து, பானட்டைத் திறந்தேன். கேபிள் அறுந்திருக்கவில்லை, தளர்ந்திருக்கவும் இல்லை. ஆனால் அது இழுக்கும் லிவர் பாதி தூரம்தான் வந்தது.

"முழுசா மிதிங்க ஏழுமலை."

"முழுசாத்தான் மிதிச்சிகினு கீறேன்."

"இன்னும்."

"இதுக்கு மேல எங்கண்ணே போறது? அடியில பெல்ட்டு இருக்குதுல்ல?"

சொல்லிவிட்டு அவரே குனிந்து பார்த்தார். வழியெல்லாம் என் குதிகால் தள்ளியதில் பெல்ட் சுருண்டு பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றார் மெதுவாக. "சுரங்கத்துல பெல்ட்டு ஒதுங்காம பாத்துக்கறதுதான் எனக்கு வேலையே."

உருவிப் பின்சீட்டில் போட்டோம். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. "பிரஷர் ஏறிடுச்சு," என்று பாய்லர்காரர் அறிவித்தார்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏழுமலை கேட்டில் இறங்கி, டிபன் கேரியரோடு ஓடினார். பாதியில் திரும்பி வந்தார். கேட் பாஸை மறந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

"அண்ணே, பெல்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பெடலுக்கு மட்டும் எடம் வுட்டு வெட்டிக்கலாம்."

மணியடிக்கும் முன் உள்ளே போய்விட்டார். நான் விருத்தாசலம் சாலையைப் பிடித்தேன். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு வாழைத்தார் கொடுத்தனுப்புவார்கள். நான்கு நாளில் தீர்ந்துவிடும். இந்தப் பெல்ட் என் ஆயுளுக்கும் தீராது. மந்தாரக்குப்பம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை வழியே தண்ணீர் பீறிட்டது.

கால் நனைந்தது. கியர் விழுந்தது.