நோயாளி பெயர்: குட்டி

மருந்து ஆய்வாளர் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது சுவரைத்தான். லைசென்ஸ் மாட்டியிருக்கிறதா, பக்கத்தில் பார்மசிஸ்ட் சான்றிதழ் இருக்கிறதா, அதில் ஒட்டியிருக்கிற மூஞ்சியும் கவுண்டரில் நிற்கிற மூஞ்சியும் ஒன்றுதானா. கோவில்பட்டியில் எங்கள் கடைச் சுவரில் தொங்குவது என் மூஞ்சி. கடையில் என்ன தப்பு நடந்தாலும் அது என் தலையில்தான் விடியும். முதலாளி அண்ணாச்சி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

அன்றைக்கு வந்தவர் புதியவர், வேறு மாவட்டத்துக்காரர். ஃப்ரிட்ஜைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார். காலாவதியான மருந்துகளைத் தனியாகப் போட்டு வைக்கும் பெட்டியைப் பார்த்தார். எல்லாம் சுத்தம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்த நேரத்தில் அந்த நோட்டைக் கேட்டார். சில வீரியமான மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம், எந்த டாக்டர் எழுதினார், எத்தனை கொடுத்தோம் என்று வரிவரியாக எழுதி வைக்க வேண்டும். அதற்கான நோட்டு. தினமும் நான்தான் எழுதுகிறேன். பெருமையாக எடுத்து நீட்டினேன்.

நாலாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"மேடம், இது என்ன பேர்? குட்டி?"

எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. நோயாளி பெயர்: குட்டி. முகவரி: நாகலாபுரம் பக்கம். பெரியவர்களுக்குக் கொடுக்கிற இருநூறு மில்லிகிராம் ஆன்டிபயாடிக், பத்து மாத்திரை.

"குட்டின்னா குழந்தைதானே? குழந்தைக்கு சிரப் கொடுக்காம இந்த மாத்திரை பத்தையும் கொடுத்திருக்கீங்களா?"

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம் கடையை அடைத்துக்கொண்டு நிற்கும். பத்துக் கை ஒரே நேரத்தில் சீட்டை நீட்டும். அதில் குட்டி எது? ஒரு முகமும் வரவில்லை. பெரிய ஆளைக்கூடக் குட்டி என்று கூப்பிடுவார்கள்தான், ஆனால் அதை நான் ஏன் நோட்டில் எழுத வேண்டும்?

"ஒரு வாரம் டைம். யார் இந்தக் குட்டின்னு எழுத்துல விளக்கம் கொடுங்க. இல்லைன்னா மேல எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணாச்சி பேப்பரை மடித்தார். "ஏம்மா, ஏதாவது நல்ல பேராப் பாத்துப் போட்டிருக்கலாம்லா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் என் பயம் வேறு. லைசென்ஸ் போனால் போகிறது. அந்தப் பிள்ளை அத்தனை மாத்திரையையும் தின்றிருந்தால்?

மறுநாள் சீட்டு எழுதிய டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு இந்த மாத்திரைய சின்னப் பிள்ளைக யாருக்குமே எழுதலையே" என்றாள். நாகலாபுரம் பக்கத்திலிருந்து வந்தது ஒரே ஒரு ஆள்தானாம். நாற்பத்து மூன்று வயதுப் பெண். டைபாய்டு.

நிம்மதி வரும் என்று பார்த்தால் குழப்பம் இரண்டு மடங்கானது. டாக்டர் எழுதியது பெரியவளுக்கு. நான் எழுதியது குட்டிக்கு. அப்படியென்றால் அவள் தன் சீட்டைக் காட்டி வாங்கிப் போய்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளா? இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஒரே சீட்டை வைத்து வீடு முழுக்க வைத்தியம் பார்ப்பார்கள். எங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவோம்.

நர்ஸிடம் அந்தப் பெண்ணின் பேரையும் ஊரையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். நாகலாபுரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அதுவும் பாதியில் நிற்க, வெடித்துக் கிடந்த கரிசலில் செருப்பு மாட்டி மாட்டி நடந்தேன். ஊர் முகப்பில் வேப்ப மரத்தடியில் இருந்த பெரியவரிடம், "இங்கே குட்டி யாருங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் குட்டியக் கேக்குதீங்க? இங்கன முந்நூறு குட்டி கெடக்கு. வாங்க வந்தீயளா?"

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். காடு முழுக்க ஆடு. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. படித்தவளின் மண்டை அப்படி. "ஆடு இல்லைங்க, பிள்ளை" என்றேன். அவருக்கு என் மேல் இரக்கமே வந்துவிட்டது. நர்ஸ் சொன்ன பெண்ணின் பேரைச் சொன்ன பிறகு வீட்டைக் காட்டினார்.

வாசலில் ஒரு சின்னப் பயல் டயர் உருட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்த அக்காவிடம் வணக்கம்கூடச் சொல்லாமல், "இவன்தான் குட்டியா? நல்லா இருக்கானா?" என்றேன்.

"இவனா? இவன் பக்கத்து வீட்டுப் பய. நீங்க மெடிக்கல்ல இருக்க பிள்ளையில்லா? குட்டி அந்தா நிக்கி."

வேலியோரம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வெள்ளாட்டங்குட்டி நின்றுகொண்டு கருவேலங்காயை மென்றது. சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. நாலு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்ததெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. அந்த அக்காவும் காரணம் தெரியாமலேயே கூடச் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "அப்போ டாக்டர் எழுதினது?"

"எனக்குத்தான் தாயி எழுதுனாவ. வீட்டுக்கு வந்தா இதுக்குக் காய்ச்சலும் கழிச்சலும். தாயில்லாத குட்டி. நான் தாங்கிருவேன், இது தாங்குமா? திரும்ப டவுனுக்கு வந்து அதே சீட்டக் காட்டி இதுக்கு மருந்து வாங்குனேன்."

"உங்களுக்கு எழுதினத ஆட்டுக்கா குடுத்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "ஏன் கோவப்படுதீங்க? யாருக்குன்னு கேட்டீங்க. குட்டிக்குன்னேன். நீங்களும் நோட்டுல எழுதிக்கிட்டீங்க. தண்ணியில கரைச்சுக் குடுக்கலாமான்னேன், குடுக்கலாம்னீங்க. ஒண்ணும் ஒளிக்கலையே நான்."

உண்மைதான். ஒரு வார்த்தை ஒளிக்கவில்லை. யாருக்கு என்று கேட்பது எனக்கு வாய்ப் பழக்கம். பதில் காதில் விழுந்தது, கை எழுதியது, நான் அங்கே இல்லை. சீட்டின் உச்சியில் அவர் பேர் இருந்திருக்கும். அதை நான் பார்க்கவேயில்லை. இதில் யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பழைய சீட்டைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார். வாங்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. சுட்டது. மூன்று வாரமாக இந்தச் சூட்டோடுதான் ஆடு மேய்த்திருக்கிறார். வரமாட்டேன் என்றவரிடம் மன்றாடி, குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் குடலே ஓட்டையாகியிருக்கும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

விளக்கக் கடிதத்துக்கு அண்ணாச்சிதான் வாசகம் சொன்னார். "நடந்ததெல்லாம் எழுதாத. ஆட்டுக்குன்னு எழுதுனா அதுக்கு வேற ஒரு கேள்வி கேப்பாவ. பேரு தப்பா விழுந்துட்டுன்னு மட்டும் எழுது." நோயாளியின் பெயரைக் கவனக்குறைவால் தவறாக எழுதிவிட்டேன் என்று எழுதி, சீட்டின் நகலையும் வைத்தேன். ஆய்வாளர் படித்தார், நகலைப் பார்த்தார். "இவ்வளவுதானா மேடம்? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அவர் எதிரிலேயே குட்டியை அடித்துவிட்டு, மேலே அந்த அக்காவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அந்த வரியில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அந்தப் பத்து மாத்திரையில் ஒன்றைக்கூட அந்த அக்கா விழுங்கவில்லை.